துண்டுக்குள் சொன்ன குதிரை

செவலைக் குதிரை ஜெயித்த அன்றைக்கு அமிர்தலிங்கத்துக்குச் சோறு இறங்கவில்லை. கிண்டியில் ரேஸ் மைதானத்தை ஒட்டி ஒரு சாப்பாட்டுக் கடை. எதிரே உட்கார்ந்திருந்த கண்ணையன் மறுசோறு வாங்கி, அதற்கு மேல் ரசமும் வாங்கி, பரிமாறுகிற ஆளிடம் சொந்த ஊர் எது என்று விசாரித்துக்கொண்டிருந்தான். பணத்தை வேட்டி மடிப்பில் சுற்றிக் கட்டியிருந்ததால் வயிறு ஒரு பக்கமாகப் புடைத்திருந்தது. ஜெயித்தவன் சாப்பிட்டான். ஜெயிக்கிற குதிரையைச் சொன்னவர் சோற்றைப் பிசைந்து பிசைந்து இலையின் ஓரத்துக்குத் தள்ளினார்.

ஏன் சாப்பிடவில்லை என்று கண்ணையன் கேட்டதற்கு வெயில் என்றார். தை மாதத்தில் என்ன பெரிய வெயில்? அவர் பயந்துபோயிருந்தார். அதை எதிரே இருப்பவனிடம் சொல்ல முடியாது என்பதுதான் பயத்திலும் பெரிய பயம்.

அமிர்தலிங்கம் விக்கிரமங்கலத்து மாட்டுத் தரகர். அரியலூர், பெரம்பலூர், பாடாலூர் என்று எந்தச் சந்தையிலும் அவரைத் தெரியாதவன் மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாதவன் என்று வைத்துக்கொள்ளலாம். பல்லைப் பிடித்துப் பார்த்து வயது சொல்வதும், நடக்கவிட்டு எந்தக் காலில் நோவு என்று சொல்வதும் எல்லாத் தரகனும் செய்கிற வேலை. அமிர்தலிங்கத்துக்கு இருந்த பெயர் வேறு விஷயத்துக்காக. தரகுத் தொழிலில் இரண்டு சத்தியம் உண்டு. அந்த இரண்டையும் அவர் மீறியதே இல்லை.

முதலாவது சுழி. மாட்டின் ரோமம் சுழித்திருக்கிற இடத்தைப் பார்த்து அது வாங்குகிறவன் வீட்டுக்கு ஆகுமா ஆகாதா என்று சொல்லிவிட வேண்டும். ஆகாத சுழி இருந்தால், கயிறு கைமாறுவதற்கு முன்னால் சொல்லியாக வேண்டும். விலை குறையட்டும், வியாபாரமே முறியட்டும், சொல்லாமல் இருக்கக் கூடாது. இரண்டாவது துண்டு. விலை பேசும்போது இரண்டு பேர் கையையும் ஒரு துண்டால் மூடிக்கொண்டு, விரலைப் பிடித்துத்தான் தொகை சொல்வார்கள். பக்கத்தில் நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. தரகன் வாய் ஆயிரம் பொய் சொல்லும், மலடியைச் சினை என்று கூடச் சொல்லும். துண்டுக்குள் விரல் பொய் சொல்லாது. சொன்னால் அவன் தரகன் இல்லை.

இப்படிப்பட்ட மனுஷனுக்குக் குதிரை எப்படி வந்து வாய்த்தது என்றால், எருமையால் வந்தது. கறவை எருமைகளை லாரி ஏற்றிச் சைதாப்பேட்டைப் பால்காரர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவந்தார். பால்காரன் எவனும் கையில் காசை வைத்துக்கொண்டு காத்திருப்பதில்லை. நாளைக்கு, நாளன்றைக்கு என்று இழுப்பான். அப்படி இழுத்த ஒருவன் சனிக்கிழமை அவரை ரேஸுக்குக் கூட்டிக்கொண்டு போனான். அன்றைக்குக் கூட்டமெல்லாம் குதிரையைப் பார்த்தது. இவர் குதிரை முதுகில் ஏறுகிற பாரத்தைப் பார்த்தார்.

அந்த விஷயம் அவருக்குச் சட்டென்று பிடித்துவிட்டது. நல்ல குதிரைக்குப் பாரம் கூட, நோஞ்சானுக்குப் பாரம் குறைவு. எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேர வேண்டும் என்பதற்காக அதிகாரிகள் கிலோ கணக்கில் ஈயத்தகடு வைத்துச் சமன் செய்கிறார்கள். அப்படியென்றால், ஜெயிக்கிற குதிரையின் சொந்தக்காரன் என்ன செய்வான்? நாலு தடவை வேண்டுமென்றே பின்னால் வரவிடுவான். பாரம் இறங்கும். இறங்கின பிறகு ஒருநாள் அவிழ்த்துவிடுவான். சந்தையில் நல்ல மாட்டைப் பட்டினி போட்டு விலாவெலும்பு தெரியவைத்து, மலிவாகக் கேட்கிறவனைப் பார்த்தே வளர்ந்த அமிர்தலிங்கத்துக்கு இதைப் புரிந்துகொள்ள யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை.

நடுவில் சில வருஷம் சர்க்கார் ரேஸை நிறுத்தி வைத்திருந்தது. வழக்காடி மறுபடியும் ஓட ஆரம்பித்தபோது இவரும் ஆரம்பித்தார். ரேஸ் புத்தகம் வாங்கிவந்து, எந்தக் குதிரைக்கு எப்போது பாரம் இறங்கியது, எந்தத் தூரத்தில் மூச்சு வாங்கியது, பெரிய ஜாக்கி எப்போது ஏறுகிறான் என்று பார்ப்பார். லாடம் பார்ப்பார். இரும்பு லாடத்தைக் கழற்றிவிட்டு அலுமினிய லாடம் அடித்திருந்தால் எஜமான் இன்றைக்கு மனசு வைத்துவிட்டான் என்று அர்த்தம். எல்லாம் ஒன்றாகக் கூடிவருகிற குதிரைக்காக மாதக்கணக்கில் காத்திருப்பார். வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்த்துவிட்டு ரயிலேறுவார். கட்டுகிற தொகையும் எப்போதும் ஒன்றேதான். ஜெயித்தாலும் ஏற்றுவதில்லை, தோற்றாலும் ஏற்றுவதில்லை.

கண்ணையன் இதற்கு நேர் எதிர். ஆண்டிமடத்துப் பக்கம் முந்திரிக் காடும் கொஞ்சம் புஞ்சையும் உள்ளவன். தங்கமான பையன், ஆனால் பொறுமை என்பது அவன் வீட்டு வாசல் பக்கம் கூட வந்ததில்லை. தோற்றால் அடுத்த ரேஸில் இரட்டிப்பு, அதிலும் தோற்றால் அதற்கு இரட்டிப்பு. எப்படியும் ஒருமுறை ஜெயிப்போம், ஜெயித்தால் விட்டதெல்லாம் வந்துவிடும் என்பது அவன் வைத்திருந்த சூத்திரம். கேட்கச் சரியாகத்தான் இருக்கும். குதிரை ஜெயிப்பதற்குள் ஆள் தீர்ந்துபோவான் என்பது மட்டும் அதில் இல்லை.

கண்ணையன் மனைவி கமலவேணி விக்கிரமங்கலத்துப் பெண். அமிர்தலிங்கத்துக்குப் பங்காளி வீட்டுப் பெண், தங்கை முறை. ஆண்டிமடத்துக்கு உழவு மாடு பார்க்கப் போனவர், மாட்டோடு மாப்பிள்ளையும் பார்த்துவிட்டு வந்து, அவரே பேசி முடித்த கல்யாணம். அதனால்தான் கண்ணையன் இரட்டிப்புக் கட்டிக் கட்டிக் கிணற்று மோட்டாரை விற்கிற நிலைக்கு வந்தபோது, கமலவேணி இவரிடம் வந்து அழுதாள். நிறுத்தச் சொன்னால் நிற்கிற ஆளில்லை அவன். ஓடுகிற மாட்டை மறித்தால் முட்டும், கூடவே ஓடித்தான் மூக்கணாங்கயிற்றைப் பிடிக்க வேண்டும் என்று அமிர்தலிங்கம் நினைத்தார். இனிமேல் நான் சொல்கிற குதிரை, நான் சொல்கிற தொகை, மற்றபடி ஒரு காசு வைக்கக் கூடாது என்று கண்ணையனிடம் வாக்கு வாங்கினார். அவனும் கட்டுப்பட்டான். இரண்டு வருஷம் நன்றாகவே போனது. மோட்டார் மிஞ்சியது.

குதிரை நம்பரையும் அவர் துண்டுக்குள்தான் சொல்வார். அரியலூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் ஒரு லாட்ஜ். அங்கே மேனேஜராக இருந்த ராசாங்கம் மதராஸில் பந்தயம் பிடிக்கிற புக்கிக்கு ஏஜெண்ட். டிரங்க் கால் போட்டுப் பந்தயம் சொல்வார். அந்த லாட்ஜ் வாசலில் சனிக்கிழமையானால் பத்துப் பேர் அமிர்தலிங்கத்தின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவர் யாரிடமும் வாய் திறப்பதில்லை. கண்ணையன் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டு விரலை அழுத்துவார். எத்தனையாவது ரேஸ், எத்தனையாம் நம்பர், அவ்வளவுதான். பார்த்தவர்கள் ஏதோ ஜோடி மாடு விலை படிகிறது என்று நினைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அந்தச் செவலைக் குதிரைக்காக ஐந்தாறு மாதம் காத்திருந்தார். பாரம் படிப்படியாக இறங்கியது. தூரம் அதற்கு ஏற்றது. பெரிய ஜாக்கி ஏறுகிறான் என்று பேப்பரில் வந்தது. இதை நேரில் போய்ப் பார்த்துத்தான் கட்ட வேண்டும் என்று கண்ணையனைக் கூட்டிக்கொண்டு அரியலூரில் ரயிலேறினார். தாம்பரத்தில் இறங்கி மின்சார ரயில் பிடித்துக் கிண்டிக்குப் போனார்கள். லாடமும் அலுமினியம். எல்லாம் கூடிவந்துவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாக, இன்றைக்குக் கொஞ்சம் கூடவே வைக்கலாம் என்று அவர் வாயாலேயே சொன்னார். கண்ணையன் கொண்டுவந்த பணத்தோடு புக்கிகள் நிற்கிற பக்கம் ஓடினான். செவலை ஜெயித்தால் போட்டது ஒன்றுக்கு எட்டு.

அவன் போன பிறகுதான் செவலையைச் சேணம் கட்ட நிறுத்தினார்கள். குதிரைக்காரன் அதைத் திருப்பினான். அமிர்தலிங்கம் பழக்க தோஷத்தில் உடம்பை ஒரு பார்வை பார்த்தார். பெண்டிழந்தான் சுழி.

அது எந்த இடத்தில் இருக்கும் என்று தரகர்கள் வெளியாளிடம் விரல் நீட்டிக் காட்டுவதில்லை. பெயரே போதும். அந்தச் சுழி உள்ள மாட்டைக் கட்டினவன் வீட்டில் பெண்டாட்டி தங்க மாட்டாள். அவர் அறிய மூன்று வீடுகளில் அப்படி ஆகியிருந்தது. இதெல்லாம் தற்செயல் என்று சொல்கிற படித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யாரும் அந்த மூன்று வீட்டுக்கும் துக்கம் கேட்கப் போனவர்கள் இல்லை.

கண்ணையன் இன்னும் வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தான். கூப்பிட்டால் கேட்கிற தூரம். அமிர்தலிங்கம் கூப்பிடவில்லை. இது யார் வீட்டிலோ கட்டியிருக்கிற குதிரை, கயிறு நம் கைக்கு வரப்போவதில்லை, சுழி எஜமானுக்குத்தானே என்று தனக்குத் தானே வக்காலத்து வாங்கிக்கொண்டார். உண்மை என்னவென்றால், அந்தக் குதிரையை விட அவருக்கு மனசில்லை. ஐந்தாறு மாதக் கணக்கு. அது பலிப்பதைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை கழுத்து வரைக்கும் வந்துவிட்டது. இதில் ஒன்று மட்டும் அவரே பின்னால் நினைத்து நினைத்துக் கூசினார். தான் கட்ட வைத்திருந்த பணத்தை அவர் பையை விட்டு எடுக்கவே இல்லை. வீட்டில் பெண்டாட்டி தனம் இருக்கிறாள் என்று அவருக்கு அந்த நேரத்திலும் ஞாபகம் இருந்தது.

செவலை இரண்டு குதிரை நீளத்தில் ஜெயித்தது.

அந்த ஜெயித்த பணத்தில் கண்ணையன் கமலவேணிக்குக் கல் வைத்த தோடு ஒன்று வாங்கிக்கொண்டு போனான். மீதியை அலமாரியில் வைத்துப் பூட்டினான். மாசி பிறந்து கொஞ்ச நாளில் அவளுக்குச் சோறு பிடிக்காமல் போயிற்று. பிறகு காய்ச்சல். பிறகு கண் மஞ்சளானது. காமாலை. சேதி விக்கிரமங்கலத்துக்கு வந்தபோது தனம் சாதாரணமாகத்தான் சொன்னாள், ஊரில் நாலு பேருக்கு இருக்கிறது, தண்ணீர் சரியில்லை என்று. அமிர்தலிங்கம் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினார்.

கமலவேணி பாயில் படுத்திருந்தாள். காதில் அந்தத் தோடு மினுக்கியது. முகம் மஞ்சள் பூசின மாதிரி இருந்தது. அவரைப் பார்த்து எழுந்து உட்காரப் பார்த்தாள். அவள் பெண் குழந்தை பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தது. கண்ணையன் அவர் தோளைத் தட்டி, பயப்பட ஒன்றுமில்லை, கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறோம், டாக்டரிடமும் காட்டியாயிற்று என்று தைரியம் சொன்னான். யார் யாருக்குத் தைரியம் சொல்வது என்று இல்லாமல் போனது. அவர் தண்ணீர் கூடக் குடிக்காமல் கிளம்பினார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவருக்கு ஒரு யோசனை வந்தது. ஆகாத சுழி உள்ள மாடு தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டால் அதற்கு ஒரு கழிப்பு உண்டு. தூரத்துச் சந்தைக்கு ஓட்டிப்போய், வாங்கின விலைக்குக் கீழே, நஷ்டத்துக்குத் தள்ளிவிட வேண்டும். லாபம் ஒரு காசு கையில் ஒட்டக் கூடாது. நஷ்டத்தோடு சுழியும் போய்விடும். குதிரை கண்ணையன் வீட்டுக்கு வரவில்லை, அதன் பணம் வந்திருக்கிறது. ஆகவே பணம் போக வேண்டும். வந்த வழியே போக வேண்டும். எந்தப் பைத்தியக்காரனுக்கும் இதில் ஓட்டை தெரியும். ஆனால் பயந்தவனுக்கு வழி என்று ஒன்று தெரிந்துவிட்டால் அது போகிற இடம் தெரிவதில்லை.

உண்மையைச் சொல்லிப் பணத்தைக் கோயில் உண்டியலில் போடச் சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. சுழியைப் பார்த்தேன், உன்னைத் தடுக்கவில்லை, என் பணத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன் என்று எந்த முகத்தோடு சொல்வது? தோற்கிற குதிரையாக ஒன்றைச் சொல்லிவிட்டால் பேச்சே வேண்டியதில்லை. பணம் தானாகப் போய்விடும்.

தோற்கிற குதிரையையும் அவர் கணக்குப் போட்டுத்தான் எடுத்தார். அதே கணக்கு, தலைகீழாக. ஒரு கறுப்புக் குதிரை, போன மாதம் ஜெயித்ததால் பாரம் உச்சத்துக்கு ஏறியிருந்தது. தூரம் அதற்கு ஆகாது. ஏறுகிற ஜாக்கி கற்றுக்குட்டி. அது கடைசியாகத்தான் வரும் என்று அவர் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யத் தயாராக இருந்தார்.

வியாழக்கிழமை லாட்ஜ் வாசலில் கண்ணையன் வந்து நின்றான். கமலவேணிக்குக் கண் தெளிந்துவிட்டது, எழுந்து நடமாடுகிறாள் என்றான். அந்த நிமிஷத்திலாவது அவர் நிறுத்தியிருக்கலாம். அவர் மனசு அதையும் தன் பக்கமே திருப்பிக்கொண்டது. கழிக்கிறேன் என்று நினைத்ததற்கே இறங்குகிறதே, கழித்துவிட்டால் அடியோடு போய்விடும் என்று நினைத்தது.

ஜெயித்த பணத்தில் எவ்வளவு மிச்சம் என்று கேட்டார். தோடு போக அப்படியே இருக்கிறது என்றான். பிறகு அவர் அவன் கையைப் பிடித்து, தோளில் கிடந்த துண்டை எடுத்து மேலே போட்டார். நாலாவது ரேஸ் என்று அழுத்தினார். நம்பரைச் சொல்லுமுன் விரல் ஒரு நொடி நின்றது. பிறகு அழுத்தினார். முப்பது வருஷத் தொழிலில் துண்டுக்குள் அவர் சொன்ன முதல் பொய் அது.

“அந்தப் பணத்த மட்டும் வைங்க மாப்ள” என்றார். “மொத்தத்தையும் வைங்க. ஆனா அத மட்டும்.”

கண்ணையன் அவர் முகத்தையே பார்த்தான். இரண்டு வருஷமாக ஒரே தொகை, ஒரே தொகை என்று கையைக் கட்டிப்போட்டவர் மொத்தத்தையும் வை என்கிறார். செவலைக்குக் கூட அப்படிச் சொன்னதில்லை. அவர் கை நடுங்கியதையும் அவன் துண்டுக்குள் உணர்ந்திருந்தான். அவனுக்கு அது வேறு விதமாகப் புரிந்தது. சரி மச்சான் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

சனிக்கிழமை ராசாங்கம் டிரங்க் காலுக்குக் காத்திருந்தார். அமிர்தலிங்கம் லாட்ஜ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மணி அடித்து, ராசாங்கம் காதில் வைத்து, ஒவ்வொரு ரேஸாகக் கேட்டுச் சொல்லிக்கொண்டே வந்தார். நாலாவது ரேஸில் கறுப்பு கடைசி. கடைசிக்கு முந்தினது கூட இல்லை, கடைசியே. அமிர்தலிங்கத்துக்கு இரண்டு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போன மாதிரி இருந்தது. எதிரே இருந்த கிளப்புக் கடையில் போய்ச் சாப்பாடு வாங்கி, மறுசோறு கேட்டுச் சாப்பிட்டார். மோரை அள்ளிக் குடித்தார்.

கை துடைத்துக்கொண்டு திரும்பி வந்தபோது ராசாங்கம் அவரைத் தனியாகக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“என்னங்க தரகரே, இப்படிச் சொல்லிட்டீங்க. அவரு முந்திரிக் காட்டக் கிரயம் பண்ணிட்டு வந்துல்ல வச்சாரு.”

அமிர்தலிங்கத்துக்கு விளங்கவில்லை. ராசாங்கம் விளக்கினார். வெள்ளிக்கிழமை காலையிலேயே பத்திரம் முடித்துவிட்டான். வாங்கினது உடையார்பாளையத்து ஆள், கேட்டது பாதி விலை. அத்தனையையும் ஜெயித்த பணத்தோடு சேர்த்துக் கறுப்பின் மேல் வைத்திருக்கிறான். இவ்வளவு வேண்டாம் என்று ராசாங்கமே சொல்லிப் பார்த்தாராம். மச்சான் கை நடுங்கிச்சு, அவரே அவ்வளவு உறுதியா இருக்காரு, துண்டுக்குள்ள அவர் விரல் பொய் சொல்லாது என்றானாம். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்த கதை ஊரில் நிறைய உண்டு. பிடித்தவன் கையே பிள்ளையாரின் கழுத்தைத் திருகியது இங்கேதான்.

இரண்டு நாள் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. எந்த நேரமும் ஆண்டிமடத்திலிருந்து ஆள் வரும் என்று தெருமுனையையே பார்த்துக்கொண்டிருந்தார். வாசலில் சைக்கிள் மணி கேட்டாலும் எழுந்து போய்ப் பார்த்தார். யாரும் வரவில்லை. அப்படி வராமல் இருந்தது அதைவிட மோசமாக இருந்தது. மூன்றாம் நாள் காலையில் தானே கிளம்பினார். பஸ்ஸில் போகும்போதே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். அடித்தால் அடிக்கட்டும், காறித் துப்பினால் துப்பட்டும். ஒன்று மட்டும் நிச்சயம் நடக்கும். இந்தத் தரகன் சொல்லை நம்புவது அவனுக்கு அத்தோடு விட்டுப்போகும், ரேஸும் விட்டுப்போகும். காடு போனாலும் வீடாவது நிற்கும்.

கண்ணையன் கூடத்துச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். முகத்தில் இரண்டு நாள் தாடி. கண் வீங்கியிருந்தது. கமலவேணி உள்கட்டு நிலைப்படியில் நின்றாள். அவள் முகத்தில் மஞ்சள் இல்லை, காதில் தோடும் இல்லை. வாங்க மச்சான் என்றான், குரல் உள்ளேயிருந்து வரவில்லை. அமிர்தலிங்கம் உட்காராமலே சொல்ல ஆரம்பித்தார். சுழியைப் பார்த்ததைச் சொன்னார். கூப்பிடாமல் நின்றதைச் சொன்னார். தன் பணத்தைக் கட்டாமல் பையிலேயே வைத்துக்கொண்டதைச் சொன்னபோது கமலவேணியின் பக்கம் பார்க்க முடியவில்லை. அவள் படுத்துக் கிடந்ததைப் பார்த்துப் பயந்துபோய், பணத்தைக் கழிக்க நினைத்ததைச் சொன்னார்.

“தோக்குற குதிரையத்தான் மாப்ள சொன்னேன். வேணும்னேதான் சொன்னேன். கடைசியா வரும்னு தெரிஞ்சேதான் உங்க வெரலப் புடிச்சேன்.”

கண்ணையன் நிமிர்ந்தான். அமிர்தலிங்கம் அடிக்குத் தயாராகக் கண்ணை மூடிக்கொண்டார். அடி விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அடியை விட மோசமான ஒன்றைப் பார்த்தார். அவன் முகம் தெளிந்துகொண்டு வந்தது.

“அப்ப உங்க கணக்கு தப்பலயா மச்சான்?”

தப்பவில்லை என்று இவர் தலையாட்டினார்.

“நான் என்னமோ உங்க கணக்கே போயிடுச்சின்னு நெனச்சிட்டேன்” என்றான். எழுந்து நின்றான். “அத்தன குதிரையில கடைசியா வர்றது எதுன்னு சொல்லி, அதே மாதிரி கடைசியா வந்திருக்கு. மொதல்ல வர்றதச் சொல்றது உங்களுக்கு ஒரு பெரிய காரியமா?”

அமிர்தலிங்கம் பதறிப்போய், வேண்டாம் மாப்ள, நான் பொய் சொன்னவன், என்னை நம்பாதீங்க என்று என்னென்னவோ சொன்னார். எதுவும் அவன் காதில் ஏறவில்லை. பொய் சொன்னது கமலவேணிக்காக, அதில் என்ன தப்பு என்று அவரையே சமாதானம் செய்தான். காடு போனது கணக்குத் தப்பியதால் இல்லை என்று தெரிந்துவிட்டதல்லவா, இனி என்ன பயம் என்றான். இரட்டிப்பு வைத்தால் ஒரே ரேஸில் காட்டைத் திருப்பிவிடலாம், அதற்கு இந்த வீடு இருக்கிறது, உடையார்பாளையத்து ஆளே இதையும் கேட்டிருக்கிறான் என்றான். பேசிக்கொண்டே அவர் தோளில் கிடந்த துண்டை உருவி, தன் வலது கையின் மேல் போட்டுக்கொண்டு அவர் முன்னால் நீட்டினான்.

“வர்ற சனிக்கெழம எதுன்னு சொல்லுங்க.”

அமிர்தலிங்கம் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். கண்ணையன் துண்டை அவர் தோளிலேயே திரும்பப் போட்டான். பிறகு சிரித்தான். ஒன்றும் அவசரமில்லை, சனிக்கிழமைக்குள் சொன்னால் போதும், அதற்குள் பணத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டு வருகிறேன் என்று செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான்.

கமலவேணி நிலைப்படியை விட்டு நகரவில்லை. அவர் திட்டு வாங்கத் தயாராகத்தான் இருந்தார். அவள் குரலில் கோபமே இல்லை.

“இத நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம் அண்ணே” என்றாள். “ரெண்டு நாளா அழுது அழுது, நேத்துத்தான் புள்ள தலையில கை வச்சு, இனிமே ரேஸே வேண்டாம்னு சத்தியம் பண்ணினாரு.”

அமிர்தலிங்கம் வாசலுக்கு ஓடிவந்து மாப்ள, மாப்ள என்று கூப்பிட்டார். கண்ணையன் அதற்குள் பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டிருந்தான். உடையார்பாளையம் போகிற பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.